ஒரு மேயரும் ஒரு நகரத்தின் குப்பையும்

(கரமனையில் தமிழ் பேசும் கட்சித் தோழர்களுக்காக நடைபெற்ற அரசியல் வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டம் நடைபெறும் இடத்துக்கு அண்மையிலேயே கரமனை ஆறு ஓடுகிறது. அகத்தியமலைத் தொடரில் பிறந்து, பேப்பாறையிலும் அருவிக்கரையிலும் அணைகளில் தேங்கி, தலைநகரத்து மக்களுக்குக் குடிநீர் தந்துவிட்டு, எஞ்சிய நீரோடு கரமனைப் பாலத்தைக் கடந்து அது அரபிக் கடலைச் சேர்கிறது. வழியில் அதனோடு கலக்கும் ஓடைகளுள் மீனம்பள்ளித் தோடு ஒன்று. விளப்பில்சாலை என்னும் ஊரின் வழியாக வரும் ஓடை அது. 2000ஆம் ஆண்டு முதல் 2011 வரை, திருவனந்தபுரம் மாநகரின் குப்பையில் பெரும்பகுதி லாரிகளில் ஏற்றப்பட்டு விளப்பில்சாலையில் கொண்டுபோய்க் கொட்டப்பட்டது. அங்கே ஊறி வடிந்த கழிவுநீர் ஓடையில் இறங்கிற்று. ஓடை அதை ஆற்றில் சேர்த்தது. நகரம் தன் எல்லைக்கு வெளியே எறிந்ததை ஆறு திரும்பவும் நகரத்துக்கே கொண்டுவந்துகொண்டிருந்தது.

இன்றைய உரையின் பொருள் வி.கே. பிரசாந்தின் பொதுவாழ்க்கை. 2015 நவம்பரிலிருந்து 2019 அக்டோபர் வரை இந்த மாநகரின் மேயராகவும், அதன்பின் வட்டியூர்க்காவு சட்டமன்ற உறுப்பினராகவும் விளங்கியவர் அவர். அவருடைய வரலாற்றைக் குப்பையிலிருந்து தொடங்குவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் அவருடைய அரசியலை வேறெங்கிருந்தும் தொடங்க இயலாது. 2025 டிசம்பரில் நாம் இந்த மாநகராட்சியை இழந்தோம். நூற்றொரு வார்டுகளில் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 50 கிடைத்தது. இடது ஜனநாயக முன்னணிக்கு 29. ஐக்கிய ஜனநாயக முன்னணிக்கு 19. இத்தகைய தோல்விக்குப் பின்னர், வென்ற காலத்து மனிதர்களை நினைத்து ஏங்குவது இயல்பு. ஏங்குவதற்காக இவ்வுரை அமையவில்லை. அவர் எதைச் செய்தார், எதைச் செய்ய அவரால் இயலவில்லை, அவர் ஈட்டிய நற்பெயர் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைக் கணக்குப் பார்ப்பதற்காகவே அமைகிறது.

முதலில் ஒரு சிறு விளக்கம். தமிழ்நாட்டில் மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதா, மாமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பதா என்பது ஆட்சிக்கு ஆட்சி மாறிவந்திருக்கிறது. கேரளத்தில் 1994ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டம் வந்தது முதல் மாமன்ற உறுப்பினர்களே தங்களுள் ஒருவரை மேயராகத் தேர்வு செய்கின்றனர். ஆகவே மேயர் என்பவர் தனித்து நின்று வென்ற தலைவர் அல்லர். வார்டுகளின் கூட்டுத்தொகையில் நிற்பவர். அந்தக் கூட்டுத்தொகை குறைந்தால் அவருடைய கால்களுக்குக் கீழே தரை இராது.

பிரசாந்துக்கு வாய்த்தது அத்தகைய தரையற்ற நாற்காலிதான். 2010 தேர்தலில் திருவனந்தபுரம் மாநகராட்சியில் பா.ஜ.க.வுக்கு ஆறே உறுப்பினர்கள் இருந்தனர். 2015இல் அவர்கள் 35 பேராக உயர்ந்தனர். நூறு இடங்களில் நமக்குக் கிடைத்தவை 43. ஐக்கிய ஜனநாயக முன்னணி 21 இடங்களுக்குச் சுருங்கி மூன்றாமிடத்துக்குப் போயிற்று. ஒரே தேர்தலில் நகரத்து அரசியலின் உருவமே மாறிவிட்டது. நாம் முதலிடத்தில் இருந்ததால், அந்த மாற்றத்தின் அளவு அப்போது நம்மில் பலருக்குப் புலப்படவில்லை என்றே சொல்லவேண்டும். மும்முனைப் போட்டியில் பெரும்பான்மையின்றியே பிரசாந்த் மேயரானார். அப்போது அவருக்கு வயது 34.

அவருடைய பின்னணி எளியது. கழக்கூட்டம் அவருடைய ஊர். மாணவர் இயக்கத்தில் தொடங்கி, இளைஞர் இயக்கத்தின் பொறுப்புகளுக்கு வந்தவர். சட்டம் பயின்று வழக்குரைஞரானவர். 2005இல் கழக்கூட்டம் கிராம ஊராட்சியின் உறுப்பினரானார். 2010இல் கழக்கூட்டம், ஸ்ரீகாரியம், வட்டியூர்க்காவு, குடப்பனக்குன்னு, விழிஞ்ஞம் ஆகிய ஐந்து ஊராட்சிகளும் மாநகரோடு இணைக்கப்பட்டன. அதனால் ஊராட்சி அரசியலில் பழகிய ஒருவர் மாநகர அரசியலுக்குள் வந்து சேர்ந்தார். இந்த ஊராட்சிப் பழக்கம் சிறிய செய்தி அன்று. ஊராட்சி உறுப்பினரை மக்கள் கடைத்தெருவில் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். தெருவிளக்கு எரியவில்லை என்று இரவில் வீட்டுக்கே வருவார்கள். மேயரான பின்பும் அவரிடம் அந்தப் பழக்கத்தின் சாயல் நீங்கவில்லை. இளைஞர்கள் அவரை ‘மேயர் ப்ரோ’ என்று அழைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி விளப்பில்சாலைக்கு வருவோம். 2000ஆம் ஆண்டில் அங்கே குப்பையை உரமாக்கும் ஆலை தொடங்கப்பட்டபோது அது முன்னேற்றத்தின் சின்னமாகக் காட்டப்பட்டது. தொடக்கத்தில் தனியார் நிறுவனம் ஒன்று அதை நடத்தியது; பின்னர் மாநகராட்சியே பொறுப்பேற்றது. தரம் பிரிக்கப்படாத குப்பை நாள்தோறும் வந்து குவிந்தது. ஆலையின் செரிமான ஆற்றலுக்கு மேல் வந்தது மலையாக நின்றது. மழைக்காலத்தில் அந்த மலை கரைந்து ஊருக்குள் இறங்கியது. கிணறுகள் கெட்டன. 2011 டிசம்பரில் விளப்பில் ஊராட்சி ஆலையைப் பூட்டியது. நீதிமன்ற ஆணைகளோடும் காவல் படையோடும் அதைத் திறக்க 2012இல் நடந்த முயற்சிகளை, கட்சி வேறுபாடின்றிச் சாலையில் திரண்ட மக்கள் தடுத்து நிறுத்தினர். அவர்களில் முன்வரிசையில் நின்றவர்கள் பெண்கள்.

இந்த இடத்தில் சற்று நின்று நம்மையே பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த மாநகராட்சியை நடத்தியவர்கள் நாம். உழைக்கும் மக்களின் கட்சி நடத்திய ஒரு நகரசபை, உழைக்கும் மக்கள் வாழும் ஒரு கிராமத்தின் தலையில் பதினோராண்டுகள் குப்பையைக் கொட்டியது. நகரத்தின் தூய்மைக்குக் கிராமம் விலை கொடுத்தது. இது எவருடைய தீய நோக்கத்தாலும் நேர்ந்ததன்று. ‘கண்ணுக்கு மறைவான இடம் ஒன்று கிடைத்தால் போதும்’ என்று எல்லா நகராட்சிகளும் நினைத்ததையே நாமும் நினைத்தோம். ஆயினும் அப்படி நினைக்க நமக்கு உரிமையில்லை என்பதைப் பூட்டுப் போட்டுச் சொன்னவர்கள் விளப்பில் மக்கள்.

ஆலை மூடப்பட்டதும் தலைநகரம் நாறிற்று. தெருமுனைகளில் குப்பை எரிந்தது. ஓடைகளில் மிதந்தது. புதைக்கக் குழி தோண்ட இடம் கிடைக்கவில்லை. வேறோர் ஊரைத் தேடுவதா, பெருஞ்செலவில் எரி உலை அமைப்பதா என்ற வாதங்கள் நடந்தன. இவ்விரண்டையும் விட்டு மூன்றாவது வழி ஒன்று, கே. சந்திரிகா மேயராக இருந்த காலத்திலேயே தொடங்கப்பட்டது. ஆலப்புழையிலும் அதே வேளையில் இதேபோன்ற முயற்சி நடந்தது; பின்னாளில் 2017இல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு எடுத்துக்காட்டிய நகரங்களுள் ஆலப்புழையும் இடம்பெற்றது. உண்டான இடத்திலேயே குப்பையைச் செரிக்கச் செய்வது என்பதே அந்த வழி. பிரசாந்த் அதைக் கண்டுபிடித்தவர் அல்லர். கையில் வந்த தொடக்கத்தை நகரம் முழுமைக்கும் விரித்தவர் அவர்.

அந்த வழி எவ்வாறு இயங்குகிறது என்பதைத் தெளிவாக அறிந்திருப்பது நல்லது. திருச்சூர் மாவட்டத்தில் தும்பூர்முழி என்ற இடத்தில் கால்நடைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய முறை அது. ஏறத்தாழ நான்கடி நீள அகல உயரமுள்ள பெட்டி. காற்றுப் புகும்படி சுவர்களில் இடைவெளி. அடியில் சாணம், அதன்மேல் காய்ந்த சருகு, அதன்மேல் சமையற்கழிவு, மறுபடி சாணம், சருகு என்று அடுக்கிக்கொண்டே வருவார்கள். உள்ளே வெப்பம் ஏறும். காற்றைச் சுவாசிக்கும் நுண்ணுயிர்கள் வேலை செய்வதால் நாற்றம் எழுவதில்லை. ஏறத்தாழ மூன்று மாதத்தில் உரம் ஆகிவிடும். வீட்டில் இடமுள்ளவர்களுக்கு அடுக்குச் சட்டிகளாக அமைந்த ‘கிச்சன் பின்’ வழங்கப்பட்டது. இடமற்றவர்களுக்குப் பொது இடத்தில் இந்தப் பெட்டிகள். பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் செருப்பும் பழந்துணியும் நாட்காட்டி போட்டுத் தனித்தனி நாட்களில் பெறப்பட்டன. பின்னர் குடும்பஸ்ரீ பெண்களிலிருந்து உருவான ஹரித கர்ம சேனை வீடு வீடாகச் செல்லத் தொடங்கிற்று.

சொல்வதற்கு எளிது. நடைமுறையில் ஒவ்வொரு பெட்டியும் ஒரு சண்டை. “எங்கள் தெருவில் வேண்டாம்” என்று வார்டு தோறும் எதிர்ப்பு எழுந்தது. விளப்பில்சாலையைக் குறித்துப் பத்தாண்டுகளாகக் கவலைப்படாதவர்கள், தம் வீட்டு வாயிலிலிருந்து ஐம்பதடி தொலைவில் பெட்டி வைப்பதைச் சுற்றுச்சூழல் கேடு என்றார்கள். குப்பையைப் பிரித்துக் கொடுக்கச் சொன்னால் “வரி கட்டுகிறோமே” என்றார்கள். சாணம், சருகு, சமையற்கழிவு ஆகிய மூன்றில் சமையற்கழிவு ஒன்றே குறைவின்றிக் கிடைத்தது. மழைக்காலத்தில் காய்ந்த சருகுக்குத் தட்டுப்பாடு. சருகு போடாத பெட்டி நாறும். நாறிய பெட்டி எதிர்க்கட்சிக்குப் படமாகும். 43 பேரை வைத்துக்கொண்டு 57 பேரின் எதிர்ப்புக்கு நடுவில் இந்தத் திட்டத்தை நடத்தியதுதான் பிரசாந்தின் உண்மையான சாதனை. ஒவ்வொரு தீர்மானத்துக்கும் பேசித்தான் ஆதரவு பெறவேண்டியிருந்தது. பேச்சு கைகலப்பானதும் உண்டு. 2017 நவம்பரில் மாமன்றத்தில் பா.ஜ.க. உறுப்பினர்களோடு நேர்ந்த மோதலில் காயமுற்று அவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்.

அதே 2017ஆம் ஆண்டு ஜூனில் ஒன்றிய அரசின் ‘ஸ்மார்ட் சிட்டி’ பட்டியலில் திருவனந்தபுரம் அச்சுற்றின் முதலிடத்தோடு இடம்பெற்றது. இதில் ஒரு முரண்பாடு இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. நகரத்துக்கு வரும் பெரும்பணத்தை மக்கள் தேர்ந்தெடுத்த மாமன்றத்திடம் கொடாமல், தனி நிறுவனம் ஒன்றை அமைத்து அதனிடம் கொடுக்கும் ஏற்பாடு அத்திட்டத்தின் உள்ளமைப்பு. நாடு முழுவதும் இடதுசாரிகள் எதிர்த்த ஏற்பாடு அது. ஆனால் பணம் வேண்டாம் என்று சொல்லும் நிலையில் எந்த மாநகராட்சியும் இல்லை, நாமும் ஏற்றுக்கொண்டோம். சாலைகளைத் தோண்டிய காலத்தில் மக்களின் வசவு மாமன்றத்துக்கு வந்தது. முடிவெடுக்கும் அதிகாரம் மட்டும் நிறுவனத்திடம் இருந்தது.

இந்தப் பணப் பிரச்சினையை விளங்கிக்கொள்ள வியன்னா நகரத்தின் வரலாறு உதவும். முதல் உலகப் போருக்குப் பின் 1919 தேர்தலில் சமூக ஜனநாயகவாதிகள் அந்நகரத்தின் ஆட்சியைக் கைப்பற்றினர். யாக்கோப் ரோய்மன், அவருக்குப் பின் கார்ல் சைட்ஸ் ஆகியோர் மேயர்களாக இருந்தனர். நிதிப் பொறுப்பிலிருந்த ஹ்யூகோ பிரைட்னர், 1923இல் வீட்டுவரியைச் சொத்துக்கு ஏற்ப ஏறுமுகமாக அமைத்தார்: மாளிகைக்குக் கடுமையான வரி, தொழிலாளியின் குடியிருப்புக்குப் பெயரளவு வரி. அந்தப் பணத்தைக் கொண்டு 1934க்குள் 60,000க்கும் மேற்பட்ட வீடுகளை நகரசபை கட்டியது. இது எவ்வாறு இயன்றது? 1922 முதல் வியன்னா ஆஸ்திரியக் குடியரசில் தனி மாநிலம். வரி விதிக்கும் உரிமை அதற்குத் தானாக வந்தது. நம் மாநகராட்சிகளுக்கு அத்தகைய உரிமை இல்லை. 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம் மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கியது. இந்தியாவில் அது பெரிய துணிச்சல். எனினும் அது மேலிருந்து வரும் பங்கு; சரக்கு சேவை வரி வந்தபின் மாநிலத்தின் கையே கட்டப்பட்டுவிட்டது. ஆகவே இங்கே ஓர் இடதுசாரி மேயரின் கையில் பணத்தைவிட அதிகமாக இருந்தது மக்களின் உழைப்பைத் திரட்டும் வாய்ப்புதான்.

வியன்னா கதையின் மறுபாதியையும் சொல்லிவிடுவது நேர்மை. வீடு கட்டியவர்கள் அங்கே கட்சியையும் கட்டியிருந்தார்கள். தெருவுக்குத் தெரு நூலகமும் பாடற்குழுவும் விளையாட்டுக் கழகமும் இருந்தன. இருந்தும் 1934 பிப்ரவரியில் பாசிச ஆட்சி அந்தக் குடியிருப்புகள்மீது பீரங்கி வைத்துச் சுட்டது. மேயர் சைட்ஸ் நகரமன்றத்திலேயே கைது செய்யப்பட்டார். நகரம் ஒரு தீவாக இருந்து தன்னைக் காத்துக்கொள்ள முடியாது.

மக்களின் உழைப்பைத் திரட்டும் வாய்ப்பு என்று குறிப்பிட்டதற்கு எடுத்துக்காட்டு 2019 ஆகஸ்ட். வடகேரளத்தில் மலப்புறமும் வயநாடும் வெள்ளத்திலும் நிலச்சரிவிலும் சிக்கின. முந்தைய ஆண்டின் பெருவெள்ளத்தில் கொடுத்துக் களைத்த மக்கள் இம்முறை கொடுப்பார்களா என்ற ஐயம் இருந்தது. முதலமைச்சரின் நிவாரண நிதிக்குப் பணம் தரவேண்டாம் என்ற பிரசாரம் சமூக ஊடகங்களில் நடந்தது. அந்நிலையில் திருவனந்தபுரம் மாநகராட்சி திறந்த சேகரிப்பு மையங்களுக்கு அரிசியும் உடையும் மருந்தும் துப்புரவுப் பொருளும் வந்து குவிந்தன. இரவு பகலாக இளைஞர்கள் அவற்றைப் பிரித்துக் கட்டி லாரி லாரியாக வடக்கே அனுப்பினார்கள். பிரசாந்தின் முகம் கேரளம் முழுவதும் தெரிந்தது அப்போதுதான். நான்காண்டுகள் குப்பைப் பெட்டிக்காக வார்டு வார்டாகச் சண்டை போட்டபோது கிடைக்காத புகழ், ஒரே வாரத்தில் கிடைத்தது. புகழின் கணக்கு அப்படிப்பட்டது. ஆனால் ஒன்று: தரம் பிரித்தல், சேகரிப்பு, தன்னார்வலரை வேலைக்குப் பங்கிடுதல் ஆகிய பழக்கங்கள் ஏற்கெனவே அந்த மாநகராட்சியில் ஊறியிருந்தன. குப்பை கற்றுத் தந்த ஒழுங்கு வெள்ளத்தில் பயன்பட்டது.

இரண்டு மாதங்களில் இடைத்தேர்தல் வந்தது. வட்டியூர்க்காவு உறுப்பினர் கே. முரளீதரன் வடகரையிலிருந்து நாடாளுமன்றத்துக்குச் சென்றதால் அந்த இடம் காலியாயிற்று. 2016இல் அத்தொகுதியில் முரளீதரன் 51,322 வாக்குகள் பெற்று வென்றார், பா.ஜ.க.வின் கும்மனம் ராஜசேகரன் இரண்டாமிடம். நம் வேட்பாளர் டி.என். சீமா 40,441 வாக்குகளோடு மூன்றாமிடம். அந்தத் தொகுதியில் நாயர் சமூகத்து வாக்காளர் மிகுதி. நாயர் சேவைச் சங்கத்தின் தலைமை இடைத்தேர்தலில் வெளிப்படையாகவே ஐக்கிய ஜனநாயக முன்னணியின் பக்கம் நின்றது. அச்சமூகத்தைச் சேராத பிரசாந்தை நிறுத்துவது தற்கொலை என்று செய்தியாளர்கள் எழுதினார்கள். முடிவு: பிரசாந்த் 54,830, காங்கிரஸ் 40,365, பா.ஜ.க. 27,453. வித்தியாசம் 14,465. சாதித் தலைமையின் ஆணையை வாக்காளர்கள் மதிக்கவில்லை. குப்பை வாங்க வீட்டுக்கு ஆள் அனுப்பியவரை, தெருவிளக்குக்காகத் தொலைபேசியில் அழைத்தால் எடுத்தவரை, அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். 2021இல் வித்தியாசம் 21,515 ஆக உயர்ந்தது. அந்தத் தேர்தலில் அவரோடு போட்டியிட்ட பா.ஜ.க. வேட்பாளர் வி.வி. ராஜேஷ். 2025 டிசம்பர் 26 அன்று இந்த மாநகரின் மேயராகத் தேர்வு பெற்றவர் அதே ராஜேஷ்தான்.

இதுவரை சொன்னது மகிழ்ச்சி தரும் பகுதி. இனிச் சொல்வது அவ்வளவு மகிழ்ச்சி தராது.

2024 நாடாளுமன்றத் தேர்தலில் திருவனந்தபுரம் தொகுதியை மிகக் குறைந்த வித்தியாசத்தில் காங்கிரஸ் தக்கவைத்தது. ஆனால் நேமம், கழக்கூட்டம், வட்டியூர்க்காவு ஆகிய மூன்று சட்டமன்றப் பகுதிகளிலும் முன்னிலை பெற்றது பா.ஜ.க. இம்மூன்றும் 2021இல் நாம் வென்ற தொகுதிகள். வட்டியூர்க்காவில் பிரசாந்துக்கு வாக்களித்த அதே வீடுகளிலிருந்து மூன்றாண்டுகள் கழித்து வேறு வாக்குகள் வந்தன. கரமனைக்கு நன்கு தெரிந்த நேமத்தின் கதையும் இதுவே: 1995 முதல் 2000 வரை மேயராக இருந்த வி. சிவன்குட்டி 2016இல் அங்கே 8,671 வாக்குகளில் ஓ. ராஜகோபாலிடம் தோற்றார், 2021இல் 3,949 வாக்குகளில் மீட்டார். வேட்பாளருக்கு வாக்களிக்கிறார்கள், கட்சிக்கு அல்ல. வாக்காளரைப் பழிப்பதற்காக இது சொல்லப்படவில்லை. பிரசாந்துக்குக் கிடைத்த நம்பிக்கையை அவர் பின்னாலிருந்த அமைப்பின்மீதான நம்பிக்கையாக மாற்றும் வேலையை நாம் செய்யவில்லை.

மாறாக, அடுத்த முகத்தைத் தேடினோம். 2020 டிசம்பரில் முடவன்முகள் வார்டிலிருந்து வந்த ஆர்யா ராஜேந்திரன் 21 வயதில் மேயரானபோது நாடே வியந்தது. எலக்ட்ரீஷியன் ஒருவரின் மகள், கணிதம் பயிலும் மாணவி, இந்தியத் தலைநகரங்களில் ஒன்றுக்கு மேயர். அந்தப் பெருமிதம் நியாயமானது. ஆனால் இளம் மேயர் என்ற செய்தி அடங்கிய பின், அன்றாட வேலையின் சுமை முழுவதும் அந்த ஒரு தோளின்மேல் விழுந்தது. 2022 நவம்பரில் தற்காலிகப் பணியிடங்களுக்குக் கட்சியிடம் பட்டியல் கேட்டதாக அவர் பெயரில் ஒரு கடிதம் வெளியாயிற்று. தாம் அதை எழுதவில்லை என்று அவர் மறுத்தார்; காவல் விசாரணையும் நடந்தது. கடிதம் எவருடையது என்பதைவிடக் கடுமையான கேள்வி வேறு: அத்தகைய கடிதம் இருக்கக்கூடும் என்று ஏன் இத்தனை பேர் உடனே நம்பினார்கள்? மாநகராட்சியின் வேலை கட்சிக்காரருக்கே கிடைக்கும் என்ற எண்ணம் மக்களிடம் முன்பே வேர்விட்டிருந்ததை நாம் கவனிக்கவில்லை. தொடர்ச்சியாக நீண்டகாலம் ஆண்டவர்களுக்கு நேரும் நோய் அது. அலுவலகத்துக்குச் செல்லும் வழியை மக்கள் நம் மூலமாகக் கேட்கத் தொடங்கினால், நாம் இயக்கமாக இருப்பதை விட்டு இடைத்தரகராகிவிட்டோம் என்று பொருள்.

குப்பைக்கே திரும்புவோம். 2024 ஜூலை 13 அன்று தம்பானூர் ரயில் நிலையத்தை ஒட்டி, ரயில்வே நிலத்துக்கு அடியில் ஓடும் ஆமையிழஞ்சான் தோட்டைத் துப்புரவு செய்ய ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் இறங்கினார். மழைநீர் பெருகிற்று. குப்பை மலிந்த அந்த இருட்குகைக்குள் அவர் அடித்துச் செல்லப்பட்டார். தீயணைப்புப் படையின் முக்குளிப்பு வீரர்கள் பிளாஸ்டிக்கையும் மலக்கழிவையும் கைகளால் விலக்கித் தேடினார்கள். மூன்றாம் நாள் உடல் கிடைத்தது. சுரங்கப் பகுதி ரயில்வேக்கு உரியது, துப்புரவு அவர்களின் பொறுப்பு என்று மாநகராட்சி சொன்னது. குப்பை நகரத்திலிருந்து வந்தது என்று ரயில்வே சொன்னது. இரண்டு கூற்றிலும் உண்மை இருந்தது. உண்டான இடத்திலேயே குப்பையைச் செரிக்கவைக்கும் நகரம் என்று பெயர் வாங்கிய பத்தாண்டுக்குள், அந்நகரத்தின் நடுவிலுள்ள கால்வாயில் ஒரு தொழிலாளி குப்பைக்குள் மூழ்கி இறந்தார்.

பிரசாந்தின் காலத்துத் திட்டம் எங்கே நின்றுபோயிற்று என்பதை இந்த மரணம் காட்டுகிறது. வீட்டுக் குப்பையில் அது வெற்றி கண்டது, வீடுகள் ஒத்துழைத்தன. உணவகங்கள், மண்டபங்கள், இறைச்சிக் கடைகள், வணிக வளாகங்கள் ஆகியவற்றின் கழிவு இரவில் யார் யாரோ ஓட்டும் வண்டிகளில் ஏறி ஓடைகளுக்குப் போயிற்று. அதைத் தடுக்க வேண்டுமானால் காசுள்ளவர்களோடு மோதவேண்டும், அபராதம் விதிக்கவேண்டும், உரிமத்தை நிறுத்தவேண்டும். ஒரு குடும்பத் தலைவியிடம் “பிரித்துக் கொடுங்கள் அம்மா” என்று சொல்வதைவிட அது கடினம். இன்னொன்று, துப்புரவுத் தொழிலாளர்களின் நிலை. இந்நகரத்தின் துப்புரவுப் பணியில் தலைமுறைகளாகத் தமிழ் பேசும் குடும்பங்கள் இருந்துவருகின்றன. இந்தக் கூட்டத்திலுள்ளோர் அறியாததல்ல. திட்டம் மாறியபோது அவர்களுடைய வேலையின் இயல்பும் மாறிற்று. ஹரித கர்ம சேனையின் பெண்கள் வீட்டுக்கு வீடு பயனர் கட்டணம் வாங்கி அதிலிருந்து வருவாய் பெறுகிறார்கள். மாதச் சம்பளம் என்ற உறுதி அவர்களுக்கு இல்லை. கட்டணத்தை மறுத்துக் கதவைச் சாத்துபவர்களுள் வசதி படைத்தோரே மிகுதி. தொழிலாளர் கட்சி நடத்திய திட்டத்தில் தொழிலாளியின் கூலி வாடிக்கையாளரின் மனநிலையைச் சார்ந்திருந்தது. இதைச் சங்கத்தின் கோரிக்கையாக நாம் உரத்து எழுப்பவில்லை. மாநகராட்சி நம்முடையதாக இருந்ததால் தயங்கினோம்.

இப்போது அந்தத் தயக்கத்துக்குக் காரணம் இல்லை. மாமன்றத்தில் நமக்கு 29 பேர் இருக்கிறார்கள். பிரசாந்த் 43 பேரோடு ஆண்டார். இந்த 29 பேர் எதிர்வரிசையில் இருந்துகொண்டு கேட்கலாம். வணிக வளாகங்களின் கழிவுக் கணக்கை வார்டு வாரியாகக் கேட்கலாம். ஹரித கர்ம சேனைக்கு நிலையான ஊதியம் கேட்கலாம். கால்வாயில் மனிதரை இறக்கும் ஒப்பந்தங்கள் ஒவ்வொன்றையும் மாமன்றத்தின் முன் வைக்கச் சொல்லலாம். தாம் ஆண்டபோது ஏன் செய்யவில்லை என்று எதிர்க்குரல் எழும். அதற்கு விடை சொல்லத் தயாராக வேண்டும். விடையில் தவற்றை ஒப்புக்கொள்ளும் பகுதியும் இருக்கவேண்டும்.

கரமனையைச் சுற்றியுள்ள வார்டுகளில் மாநகராட்சி வைத்த ஏரோபிக் பெட்டிகளில் இப்போது எத்தனை இயங்குகின்றன, எவை பூட்டிக் கிடக்கின்றன, சருகும் சாணமும் யார் கொண்டுவருகிறார்கள், அங்கு வேலை செய்பவர்களுக்குக் கடைசியாக எப்போது கூலி கிடைத்தது ஆகியவற்றை அடுத்த கிளைக் கூட்டத்துக்கு முன் நேரில் சென்று பார்த்து எழுதிவரவேண்டும். ஆற்றங்கரையிலுள்ளவர்கள் பாலத்துக்கு மேலும் கீழும் எங்கெங்கே இரவில் கழிவு வண்டிகள் வந்து நிற்கின்றன என்பதையும் குறித்துவரலாம். அந்தக் குறிப்புகளை வைத்துக்கொண்டு இவ்வுரையின் எஞ்சிய பகுதியை அடுத்த கூட்டத்தில் பேசுவோம்.